மாதம் ஒரு மலை: திருத்தணி எல்லையில் குடும்பத்தோடு ஏற எந்தப் பாதை?

நகரியில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். விசைத்தறி வைத்திருக்கும் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் தறி நிற்கும். மாதத்தில் ஒரு ஞாயிறாவது அண்ணன் தம்பி குடும்பங்களும் பக்கத்து வீட்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு மலை ஏறிவிட வேண்டும் என்பது ஆசை. "சோளிங்கர் என்கிறார் அண்ணி. திருமலைப் படி என்கிறார் அம்மா. நாகலாபுரம் ஓடை என்கிறார்கள் பையன்கள். அம்மாவுக்கு 68 வயது, சின்னவளுக்கு 7 வயது. எதைத் தேர்ந்தெடுப்பது?" பள்ளிப்பட்டில் இருந்தும் புத்தூரில் இருந்தும் இதே கேள்வி வெவ்வேறு சொற்களில் வந்திருக்கிறது.

எனக்கு இது மனத்துக்கு நெருக்கமான கேள்வி. திருத்தணியில் இருந்து நாங்கள் ஒன்பது பேர் எட்டு ஆண்டுகளாக இப்படிப் போய்க்கொண்டிருக்கிறோம். என் மாமியார், என் கணவர், மகன், நாத்தனார் குடும்பம், பள்ளியில் என்னோடு வேலை செய்யும் இரண்டு ஆசிரியைகள். முதல் இரண்டு ஆண்டுகள் தவறான இடங்களைத் தேர்ந்தெடுத்தோம். அதனால் நடுவில் ஆறு மாதம் யாருமே வர மறுத்துவிட்டார்கள். அந்த ஆறு மாதம்தான் இந்தக் கட்டுரையில் உள்ளவற்றை எனக்குக் கற்றுக்கொடுத்தது.

எதை வைத்து எடை போடுவது

முதலில், எப்படி இறங்குவோம் என்று கேளுங்கள். எல்லோரும் எத்தனை படி, எவ்வளவு உயரம் என்றுதான் கேட்கிறார்கள். ஏறும்போது மூச்சு வாங்கும். ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் அடங்கிவிடும். இறங்கும்போது நடப்பது வேறு. தொடைத் தசை நீண்டபடியே உடம்பின் முழு எடையையும் ஒவ்வொரு அடியிலும் பிடித்து நிறுத்துகிறது. மூட்டின் மேல் விழும் சுமையும் அப்போதுதான் கூடுகிறது. மலையேறிய மறுநாளைவிட அதற்கடுத்த நாள் தொடை அதிகம் வலிப்பதற்கு இறக்கம்தான் பெரும்பாலும் காரணம். அடுத்த மாதம் "நான் வரவில்லை" என்று சொல்பவர் ஏறமுடியாமல் சொல்வதில்லை, இறங்கிய வலியை நினைத்துச் சொல்கிறார். வண்டியிலோ ரோப் காரிலோ இறங்க வழியுள்ள மலைக்கு நான் எப்போதும் இரண்டு மதிப்பெண் கூடுதலாகத் தருவேன்.

இரண்டாவது, பாதியில் விட முடியுமா. ஏழு வயதுக் குழந்தைக்குத் திடீரென்று வயிறு வலிக்கும். அந்த இடத்தில் இருந்து திரும்பினால் எவ்வளவு நேரத்தில் சாலையை அடைவோம்?

மூன்றாவது, வீட்டு வாசலில் இருந்து வீட்டு வாசல் வரை எத்தனை மணி நேரம். மலையில் கழியும் நேரம் இதில் பாதிகூட இருக்காது.

நான்காவது, வெயிலும் மழையும். திருத்தணிப் பக்கத்து வெயிலைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சித்திரையில் தமிழ்நாட்டில் அதிகம் சுட்ட ஊர்களின் பட்டியலில் நம் ஊர்ப் பெயர் அடிக்கடி வருகிறது.

ஐந்தாவது, அந்தப் பாதையில் நிற்க நமக்கு அனுமதி இருக்கிறதா. மற்ற இடங்களில் இது சின்னக் கேள்வியாக இருக்கலாம். ஆந்திர எல்லையில் இது உயிர்க் கேள்வி. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

அழகை அளவுகோலில் சேர்க்கவில்லை. ஒரே ஒருமுறை போவதென்றால் அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். மாதாமாதம் போகிறவர்கள் முதலில் வயதானவர்களின் முழங்காலைப் பார்க்க வேண்டும். கீழே உள்ள பட்டியலில் ஸ்ரீவாரி மெட்டு, அலிபிரி இரண்டும் திருமலைக்கு ஏறும் படிப்பாதைகள்.

| | திருத்தணி | சோளிங்கர் பெரியமலை | ஸ்ரீவாரி மெட்டு | அலிபிரி | நாகலாபுரம் ஓடை |
|---|---|---|---|---|---|
| அளவு | 365 படி | 1,305 படி | 2,388 படி, 2.1 கி.மீ. | 3,550 படி, சுமார் 9 கி.மீ. | படி இல்லை. பாறையும் நீரும் |
| குடும்பத்தோடு ஏற | 20 நிமிடம் | 1 முதல் 1½ மணி | 2 முதல் 2½ மணி | 4 முதல் 5 மணி | போகவர அரை நாளுக்கு மேல் |
| இறங்க | படி அல்லது சாலை | படி அல்லது ரோப் கார் | பஸ் | பஸ் | வந்த வழியே நடை மட்டும் |
| பாதியில் திரும்ப | எளிது | எளிது | முடியும். செங்குத்து | முடியும் | கடினம் |
| நிழல் | குறைவு | கூரை | கூரை | பெரும்பாலும் கூரை | மரநிழல், பாறைகளில் வெயில் |
| திருத்தணியில் இருந்து ஆகும் நாள் | ஒரு காலைப்பொழுது | அரை நாள் | முழு நாள் | முழு நாள், சிலசமயம் இரவும் | முழு நாள் |

திருத்தணி: உள்ளூர்ப் பயிற்சி மைதானம்

ஆண்டின் நாள்களுக்கு ஒன்றாக 365 படி. இதை மலையேற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் மாதப் பயணத்துக்குத் தயாராக இதைவிட நல்ல இடம் கிடையாது. செவ்வாய், வியாழன் விடியற்காலையில் இரண்டு முறை ஏறி இறங்கினால் 730 படி. ஆறு வாரம் விடாமல் செய்தவர்கள் சோளிங்கரில் எங்குமே உட்காரவில்லை. இதை எங்கள் குழுவில் கண்ணால் பார்த்தேன். ஆடிக் கிருத்திகை நாள்களிலும், படித் திருவிழா நடக்கும் டிசம்பர் 31 இரவிலும் காவடிக்காரர்களுக்கும் பஜனை பாடி வருவோருக்கும் படியை விட்டுவிடுங்கள். அது அவர்களுடைய நாள்.

இந்த ஊர் 1960 ஏப்ரல் 1 அன்றுதான் சித்தூர் மாவட்டத்தில் இருந்து நம் மாநிலத்துக்கு வந்தது. ம.பொ.சி. போன்றவர்கள் போராடிப் பெற்றது. உச்சியில் நின்று வடக்கே பார்க்கும்போதெல்லாம் அது எனக்கு நினைவுக்கு வருகிறது. கண்ணுக்குத் தெரியும் மலைகளில் பாதி ஆந்திரத்தில் இருக்கின்றன. இரண்டு மொழிக்காரர்களும் இரண்டு பக்க மலைகளையும் தங்களுடையவை என்றே நினைத்து ஏறுகிறார்கள்.

சோளிங்கர்: தாத்தா பாட்டியோடு போகிறவர்களுக்கு

பெரியமலையில் யோக நரசிம்மர், எதிரே சின்னமலையில் யோக ஆஞ்சநேயர். பெரியமலைக்கு 1,305 படி, சின்னமலைக்கு 406 படி. படிகளுக்கு மேல் கூரை இருப்பதால் பத்து மணி வெயிலிலும் ஏறலாம். 2024-இல் பெரியமலைக்கு ரோப் கார் வந்த பிறகு, குடும்பத்தோடு போவதற்கு இந்த மலைக்கு இணையாக நம் பக்கத்தில் வேறு மலை இல்லை என்பது என் கருத்து.

என் மாமியாருக்கு 70 வயது. ரோப் கார் வருவதற்கு முன் நாங்கள் சோளிங்கர் போகும்போதெல்லாம் அவர் அடிவாரத்தில் ஒரு பூக்கடை அருகே உட்கார்ந்திருப்பார். நாங்கள் மேலே போய் வரும் மூன்று மணி நேரமும் அவர் தனியாக இருப்பார். "குடும்பத்தோடு மலையேறினோம்" என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் அந்தக் குடும்பத்தில் இல்லை. இப்போது நாங்கள் படியேறுகிறோம். அவர் பேரப்பிள்ளைகளில் ஒருவனைத் துணைக்கு வைத்துக்கொண்டு ரோப் காரில் வருகிறார். மேலே எல்லோரும் சேர்ந்து கட்டுச்சோறு பிரிக்கிறோம். இறங்கும்போது மூட்டுவலி உள்ளவர்கள் அவரோடு ரோப் காரில் போய்விடுகிறார்கள், மற்றவர்கள் படியில் இறங்குகிறார்கள். ஒரே நாளில் யாருக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. எந்த ரோப் காரும் பராமரிப்புக்காகவும் பலத்த காற்றுக்காகவும் நிற்கும். அன்றைக்கு ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்ளாமல் வயதானவர்களை அழைத்துப் போகாதீர்கள். கார்த்திகை மாதத்தில் நரசிம்மர் கண் திறக்கிறார் என்பது நம்பிக்கை. அந்த மாத ஞாயிறுகளில் கூட்டத்தில் நிற்கும் நேரம் ஏறும் நேரத்தை விழுங்கிவிடும். அடுத்தது குரங்குகள். கையில் தொங்கும் பை எதுவானாலும் அவற்றுக்குச் சோறுதான். எங்கள் ஆசிரியை ஒருவரின் மூக்குக்கண்ணாடியே போயிற்று. உணவை முதுகுப்பைக்குள் வைத்து இறுக்கிக் கட்டுங்கள், வழியில் பிரிக்காதீர்கள்.

பதின்வயதுப் பிள்ளைகள் நாலைந்து முறைக்குப் பிறகு "இதே படிதானா" என்பார்கள். அவர்களைப் பெரியமலை முடித்துவிட்டுச் சின்னமலையையும் ஏறச் சொல்லுங்கள். மொத்தம் 1,711 படி. எங்கள் மகன் இப்போது நேரம் குறித்துக்கொண்டு ஏறுகிறான்.

ஸ்ரீவாரி மெட்டு: குறுகிய பாதை, செங்குத்தான பாதை

தெலுங்கில் மெட்டு என்றால் படி. ஸ்ரீனிவாச மங்காபுரத்தைத் தாண்டி, மலையடிவாரத்தில் தொடங்குகிறது. சந்திரகிரியில் இருந்த அரசர்கள் இந்த வழியாகத்தான் திருமலை ஏறினார்கள் என்று ஊரார் சொல்வார்கள்.

"அலிபிரியைவிடப் படி குறைவு, தூரமும் குறைவு, ஆகவே எளிது" என்று பலரும் நினைத்து வயதானவர்களை இங்கே அழைத்து வருகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இங்கே ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1,100 படி. அலிபிரியில் சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு 400 படிகூட வராது. இங்கே சமதளமாக நடந்து இளைப்பாற இடமே அநேகமாக இல்லை. இதயநோய், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பக்கம் வரவே கூடாது. ஆனால் நாற்பது வயதில் ஓரளவு நடைப்பழக்கம் உள்ளவர்களுக்கு இதுவே நம் பக்கத்தின் மிகச் சிறந்த அரைநாள் ஏற்றம். வியர்வை வழியும், கூரை வெயிலைத் தடுக்கும், மேலே போனதும் பஸ் இருக்கும். இறக்கத்தின் வலி ஒரு துளியும் இல்லை.

இங்கேதான் பலரும் ஏமாறும் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. காரை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு ஏறுகிறீர்கள். மேலிருந்து பஸ்ஸில் இறங்கினால் அது உங்களைத் திருப்பதி பஸ் நிலையத்தில் விடும். உங்கள் கார் பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் மலையின் வேறொரு பக்கத்தில் நிற்கும். களைத்த குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் ஆட்டோ பேசுவது நாளையே கசப்பாக்கிவிடும். முதல்முறை எங்களுக்கு இது நடந்தது. இப்போது நாங்கள் ரயிலில் போகிறோம். பொன்பாடி தாண்டியதும் வெங்கடநரசிம்மராஜுவாரிப்பேட்டை என்ற அந்த நீளப் பெயர்ப் பலகையைக் குழந்தைகள் ஒரே மூச்சில் வாசிக்கப் போட்டி போடுவார்கள். நகரி வந்தால் மூக்கைப் போல் நீட்டிக்கொண்டிருக்கும் நகரி மலை. திருப்பதியில் இறங்கி, பஸ்ஸிலோ ஆட்டோவிலோ அடிவாரம். மாலையில் திருப்பதியிலேயே ரயில். காரின் கவலை இல்லை, ஓட்டுபவருக்கும் களைப்பு இல்லை. வாடகை வண்டி பேசுகிறவர்கள், எல்லை தாண்டுவதற்கான பெர்மிட் செலவு வாடகைக்குள் அடங்குமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

இன்னொரு செலவு பணத்தில் வராது. மேலே போன பிறகு சாமி பார்க்காமல் வர யாருக்கு மனம் வரும்? என் மாமியாருக்கு வராது, எனக்கும் வராது. நடந்து வருகிறவர்களுக்குத் தரும் தரிசன டோக்கன் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. எங்கே, எப்போது தருகிறார்கள் என்பதும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆதார் அட்டை கையில் இருக்கட்டும். டோக்கன் கிடைக்காத நாளில் வரிசையில் நின்றால் மலையேற்ற நாள் தரிசன நாளாக மாறி, நள்ளிரவில் வீடு திரும்புவீர்கள். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். மலையேற்றத்துக்குப் போகும் மாதத்தில் கோயிலுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவோம். தரிசனத்துக்கு என்று ஆண்டில் ஒரு தனிப் பயணம். என் மாமியார் இதற்கு ஒப்புக்கொள்ள ஓராண்டு ஆயிற்று. "பெருமாளைத் தேடி அவசரமில்லாமல் போவதுதான் மரியாதை" என்று கடைசியில் அவரே சொன்னார்.

திருமலையில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. எவர்சில்வர் அல்லது செம்புப் பாட்டில் கொண்டுபோங்கள். 2021 நவம்பர் மழையில் இந்தப் படிகள் சேதமடைந்து, 2022 மே மாதத்தில்தான் மறுபடி திறந்தார்கள். ஐப்பசி, கார்த்திகையில் புயல் செய்தி வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

பஸ்ஸில் இறங்குகிறவர்கள் மலைப்பாதையில் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். கீழே பழைய கிரானைட் பாறை, அதன் மேல் அடுக்கடுக்காகப் படிந்த குவார்ட்சைட் பாறை. இரண்டும் சந்திக்கும் கோட்டுக்கு மேலும் கீழும் ஏறக்குறைய 80 கோடி ஆண்டு இடைவெளி என்கிறார்கள் நிலவியலாளர்கள். அந்தக் காலத்துக்கான பாறையே இங்கே இல்லை. தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் கல் பற்றிப் பாடம் எடுக்கும்போது இந்தக் கோட்டைத்தான் கரும்பலகையில் வரைகிறேன்.

அலிபிரி: ஆண்டுக்கு ஒருமுறை

3,550 படி, சுமார் 9 கிலோமீட்டர். முதல் 2,000 படிகளில் பெரும் உழைப்பு முடிந்துவிடும்; காலிகோபுரம் வந்ததும் காற்று முகத்தில் அடிக்கும். தெலுங்கில் காலி என்றால் காற்று. அதற்குப் பிறகு நெடுந்தூரம் எளிதான நடை. கடைசியில், நாம் முழங்கால் முறிச்சான் என்று சொல்லும் மோகாலி மெட்டு, பெயருக்கேற்ப மறுபடி ஒரு சோதனை. பேச்சும் பாட்டுமாகப் போக நண்பர்கள் குழுவுக்கு இதைவிட நல்ல பாதை இல்லை. பெரும்பாலோர் வெறுங்காலில் ஏறுகிறார்கள். பழக்கமில்லாத கால் வெந்துவிடும் என்பதால் வெயிலேறும் முன் மேலே சேர்ந்துவிடுங்கள்.

மாதாமாதம் போக இது சரிப்படாது. நேரம் அதிகம், ஒரு நாளுக்குள் அடங்குவது கடினம்.

குழந்தைகளோடு போகிறவர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். 2023 ஆகஸ்டில் இந்தப் பாதையில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி சிறுத்தையால் உயிரிழந்தாள். அதற்கு முன் ஜூன் மாதத்தில் ஒரு சிறுவன் தாக்கப்பட்டுப் பிழைத்தான். அதன் பிறகு 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பிற்பகல் 2 மணிக்குப் பின் படியேற விடுவதில்லை என்று தேவஸ்தானம் அறிவித்தது. இந்த விதிகளைப் பின்னர் மாற்றியும் இருக்கிறார்கள். ஆகவே போகும் வாரத்தின் விதியைப் பாருங்கள். விதி எதுவானாலும் குழந்தையை முன்னால் ஓட விடாதீர்கள், பின்னால் தனியாக வரவும் விடாதீர்கள். இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் குழந்தை. பிற்பகலில் தொடங்கவே தொடங்காதீர்கள்.

நாகலாபுரம் ஓடை: பெரியவர்கள் மட்டும், தை மாதத்தில்

பையன்கள் கேட்பது இதைத்தான், அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நாகலாபுரம், கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாதேவியின் பெயரால் வேதநாராயணர் கோயில் எழுப்பிய ஊர். ஊருக்குப் பின்னால் உள்ள மலைகளில் ஓடை மடுவில் இருந்து மடுவுக்கு இறங்கி வருகிறது. பச்சையாகத் தெரியும் நீர், இரு பக்கமும் செங்குத்தான பாறை. முதல் மடுவைப் பார்த்த அன்று நான் பேச்சற்று நின்றேன். இந்தப் பக்கத்தில் இதைவிட அழகான இடத்தை நான் பார்த்ததில்லை.

ஆனால் என் ஐந்து கேள்விகளில் நான்கில் இந்த இடம் தோற்கிறது. வந்த வழியே நடந்துதான் திரும்ப வேண்டும். ஓடையின் கற்கள் குவார்ட்சைட். நீர் பட்டு வழவழவென்று உருண்டவை. பாசி படிந்தால் கண்ணாடி மேல் கால் வைப்பதுபோல. ஆறு ஆண்டுகளுக்கு முன் நாத்தனார் மகன் அப்போது பதினான்கு வயதுப் பையன், திரும்பி வரும்போது வழுக்கிக் கணுக்காலைத் திருப்பிக்கொண்டான். போகும்போது ஒன்றரை மணி நேரத்தில் கடந்த தூரம் அவனைத் தூக்கிக்கொண்டு வர ஐந்து மணி நேரம் ஆயிற்று. தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை. நல்ல வேளையாக எலும்பு முறியவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, பெரியவர்கள் சொன்னபடி புத்தூரில் கட்டுப் போட்டோம். மூன்று வாரம் வீட்டில் கிடந்தான். நான் மேலே சொன்ன ஆறு மாத இடைவெளி அந்த நாளில்தான் தொடங்கியது.

மடுக்களின் ஆழம் மேலிருந்து தெரியாது. நீந்தத் தெரிந்தவர்களும் இத்தகைய மடுக்களில் இறந்திருக்கிறார்கள். தடா அருகே உள்ள உப்பலமடுகிலும் அப்படியே. பாறையில் இருந்து குதிப்பதற்கு நான் யாரையும் அனுமதிப்பதில்லை. மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே நீர் ஏறிவிடும். ஆகவே ஐப்பசியும் கார்த்திகையும் வேண்டாம். மழை ஓய்ந்து நீர் தெளிந்திருக்கும் தை, மாசிதான் இதற்குக் காலம். பங்குனிக்குப் பிறகு நீர் சுருங்கிப் பாறை சுடும்.

அனுமதிக் கேள்விக்கு வருகிறேன். இந்த மலைகளிலும், திருமலை அமைந்திருக்கும் சேஷாசலத்திலும் வளர்வது செம்மரம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத மரம். அதை வெட்டிக் கடத்துவதும், அதைத் தடுக்கும் வேட்டையும் பல ஆண்டுகளாக இந்தக் காடுகளில் நடக்கின்றன. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லப்பட்டு, இருபது பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். தமிழ்நாட்டுக்காரர்கள், பெரும்பாலும் ஜவ்வாது மலைப் பக்கத்து ஏழைகள். அந்தச் செய்தியைக் கேட்ட நாள் எனக்கு இன்றும் மறக்கவில்லை. தமிழ் பேசும் ஆண்கள் பத்துப் பேர் முதுகில் பையோடு, பாதை இல்லாத காட்டுக்குள் நடப்பது வனக் காவலர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதை எண்ணிப் பாருங்கள். வனத்துறை அந்த வாரம் அனுமதிக்கிறதா என்று கேட்டு, சீட்டுப் பெற்று, உள்ளூர் வழிகாட்டி ஒருவரை உடன் வைத்துக்கொண்டு மட்டும் போங்கள். அனுமதி இல்லை என்றால் வந்த வண்டியிலேயே திரும்புங்கள். "யாரும் பார்க்க மாட்டார்கள், பக்கவாட்டில் போய்விடலாம்" என்று சொல்லும் நண்பரோடு போகாதீர்கள். வழிகாட்டிக்குக் கொடுக்கும் கூலி இந்தப் பயணத்தின் கட்டாயச் செலவு.

குழந்தைகளுக்கு நீர்தான் வேண்டும் என்றால் அதே சாலையில் நாராயணவனம் தாண்டி கைலாசகோனா இருக்கிறது. கோன என்றால் மலையிடுக்குப் பள்ளத்தாக்கு. ஆண்டு முழுவதும் விழும் அருவி, அருகே சிவன் கோயில், வண்டி நிற்கும் இடத்தில் இருந்து சின்ன நடை. நடப்பதற்கு அதிகம் இல்லை. ஆனால் ஏழு வயதுக் குழந்தைக்கு அது போதும், பாட்டிக்கும் போதும்.

தலக்கோனா பற்றியும் கேட்கிறார்கள். 270 அடி உயர அருவி, அடர்ந்த காடு. நம் பக்கத்தில் இருந்து போக வர நாள் போதாது. திருப்பதியில் ஓர் இரவு தங்குகிறவர்களுக்கு உகந்தது. மாதப் பயணப் பட்டியலில் அதை நான் வைக்கவில்லை.

யாருக்கு எது

நகரி நண்பருக்கு என் பதில் இது. அம்மாவும் சின்னவளும் வருகிறார்கள் என்றால் சோளிங்கரை உங்கள் நிரந்தர மலையாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டில் ஏழெட்டு மாதம் அங்கேயே போகலாம். அண்ணன் தம்பிகளும் உடல்நலம் உள்ள பெண்களும் மட்டும் சேரும் மாதத்தில் ஸ்ரீவாரி மெட்டு, ரயிலில் போங்கள். புரட்டாசிக் கூட்டம் ஓய்ந்த பிறகு, மழை இல்லாத ஒரு வாரத்தில் அலிபிரி, நண்பர்களோடு, தரிசனத்தோடு, ஒரு இரவு தங்கும் ஏற்பாட்டோடு. நாகலாபுரத்துக்குப் பையன்களுக்குப் பதினாறு வயது ஆகட்டும், அதுவரை கைலாசகோனா.

நண்பர்கள் மட்டுமே, எல்லோருக்கும் முப்பதுக்குள் வயது என்றால் என் வரிசை மாறும். அப்போது ஸ்ரீவாரி மெட்டு முதலிலும் தை மாத நாகலாபுரம் அடுத்தும் வரும். மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் குழுவில் இருந்தால் திருத்தணியே போதும்: அவர் சாலை வழியே வண்டியில் வரட்டும், நீங்கள் படியில் ஏறுங்கள்.

சித்திரை, வைகாசியில் எங்கும் போகாதீர்கள். அந்த இரண்டு மாதமும் நாங்கள் விடியற்காலை ஐந்து மணிக்குத் திருத்தணிப் படியில் சந்திக்கிறோம். வெயில் ஏறும் முன் மேலே போய், மாமியார் செம்பில் கொண்டுவரும் மோரைக் குடித்துவிட்டு, ஏழு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறோம். ஆனியில் காற்று தொடங்கியதும் சோளிங்கருக்கு எந்த ஞாயிறு என்று தேதி குறிப்போம். இந்த முறை தேதியைக் குறித்தவர் மாமியார்தான். ரோப் கார் அன்று ஓடுகிறதா என்று விசாரித்து வைத்துவிட்டுத்தான் எங்களிடம் சொன்னார்.